காப்பியும் பிற பழக்கங்களும்: விடும் முறை யாது?

தீய பழக்கம் எதுவும் தனித்து வாழ்வதில்லை. புகைப்பவர் காப்பியை நாடுவதும், குடிப்பவர் புகையை நாடுவதும், இரவில் உறக்கம் கெட்டவர் பகலில் இம்மூன்றையும் நாடுவதும் எங்கும் காணக்கூடிய உண்மை. ஒன்றை ஒழிக்க முற்படும்போதுதான், அது வேறு பலவற்றோடு பின்னிக் கிடப்பதை மனிதன் உணர்கிறான். “புகையை விடும் நாளில் காப்பியையும் சேர்த்து விட்டுவிட வேண்டுமா? அல்லது காப்பியாவது துணையிருக்கட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா?” என்று பலர் கேட்கின்றனர். பார்வைக்கு இது சிறிய வினா. ஆனால் இதற்கு விடை தெரியாமையால் நல்ல முயற்சியைப் பாதியிற் கைவிட்டவர் பலர். இவ்வினாவுக்கு அறநூல் மட்டும் விடை தராது. உடல் நூலையும் துணைக்கொள்ளல் வேண்டும்.

அறநூல் காட்டும் வரிசை

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை; 94ஆம் அதிகாரம் சூது; அவற்றை அடுத்து நிற்பது 95ஆம் அதிகாரமாகிய மருந்து. மனிதனைப் பற்றிக்கொண்டு விடாத பழக்கங்களைக் கூறியபின் மருந்தைப் பற்றிக் கூறும் இவ்வரிசை ஆசிரியர்களின் சிந்தனைக்கு உரியது. நோய் இன்னது என்று அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என்று மருந்து அதிகாரம் கூறும் ஒழுங்கு, பழக்கங்களை விடுவதற்கும் பொருந்தும். வள்ளுவர் காலத்துத் தமிழர் புகையிலையையும் காப்பியையும் அறியார். புகையிலை, ஐரோப்பியர் கடல்வழி வந்தபின் நம் நாட்டிற்கு வந்தது. காப்பி தமிழர் இல்லங்களில் வேரூன்றியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். பொருள்கள் புதியனவாயினும் அவை மனிதனைப் பிணிக்கும் முறை பழையதே.

உழைப்பும் களைப்பும்

ஜூரோங் ஒரு காலத்தில் சதுப்பு நிலமும், இறால் குட்டைகளும், பால்மரத் தோட்டங்களுமாய்க் கிடந்த பகுதி. 1961ஆம் ஆண்டில் நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயின் திட்டப்படி அங்கே தொழிற்பேட்டை அமைக்கும் பணி தொடங்கிற்று. 1963இல் தேசிய இரும்பு எஃகு ஆலை இயங்கலாயிற்று. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் தோன்றிற்று. ஆலைகளோடு வந்தது இரவு வேலை. பால்மரத் தொழிலாளி விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்தான் என்றாலும், இரவில் உறங்கினான். ஆலைத் தொழிலாளிக்கோ இரவே பகலாயிற்று. இன்றும் ஜூரோங் வட்டாரத்துத் தங்குவிடுதிகளில் வாழும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் ஷிப்டு முறையில் உழைக்கின்றனர்.

இயற்கையாய் வரும் உறக்கத்தை எதிர்த்து நிற்பவனுக்குக் காப்பி ஓர் ஆயுதம். காப்பிக் கோப்பையின் பக்கத்தில் ஒரு சிகரெட்டு. வேலை முடிந்து காலையில் படுக்கச் சென்றால் கண் மூடுவதில்லை. அதற்கு மாற்றாகச் சிலர் மதுவை நாடுகின்றனர். இவ்வாறு ஒரு பழக்கம் மற்றொன்றிற்கு வாயிலாகிறது.

களைப்பு மிகுந்த இடத்திலே பழக்கம் முளைக்கும் என்பதற்குச் சிங்கப்பூரின் பழைய வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூட்டை சுமந்த சீனக் கூலிகள் உடல்வலியை மறக்க அபினி புகைத்தனர். அரசாங்கமோ அபினியால் பெருவருவாய் பெற்றது. 1910ஆம் ஆண்டில் அபினி வாணிகத்தை அரசே நேரடியாக மேற்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1946இல்தான் அது தடை செய்யப்பட்டது. அதன் பின்னரும் அபினிக்கு அடிமையானோர்க்கெனச் செயின்ட் ஜான்ஸ் தீவில் 1955இல் சிகிச்சை நிலையம் ஒன்று திறக்க வேண்டியிருந்தது. கடையை மூடினால் மட்டும் பழக்கம் மூடப்படுவதில்லை என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே அபினியின் இடத்தைக் கள் பிடித்திருந்தது. மலாயாத் தோட்டங்களில் லயங்களுக்கு அருகிலேயே கள்ளுக்கடை இருந்தது. போருக்குப்பின் கெடா மாநிலத்தில் தமிழ்த் தொழிலாளர் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தனர். 1947இல் அப்போராட்டம் போலீசாருடன் மோதும் அளவுக்குச் சென்றது. தாயகத்தில் இராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளை விட்டவன் கையில் எதையேனும் கொடுக்க வேண்டுமல்லவா? அந்த இடத்தில் தேநீரும் காப்பியும் எளிதாக அமர்ந்தன.

இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1935இல் அமெரிக்காவில் தோன்றிய, குடியை விட்டோர் கூடும் சங்கத்தில் காப்பிக் கோப்பை கூட்டத்தின் ஓர் உறுப்புப் போலவே ஆகிவிட்டது. அச்சங்கத்தாரில் 289 பேரை நாஷ்வில் நகரில் ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, அவர்களுள் நூற்றுக்கு 88 பேருக்கு மேல் காப்பி அருந்துவதையும், பாதிக்கு மேற்பட்டோர் புகைப்பதையும் கண்டது. மது போயிற்று, ஆயினும் மதுவின் தோழர்கள் போகவில்லை.

கஃபீன் செய்யும் வேலை

காப்பியின் ஊக்கத்திற்குக் காரணம் கஃபீன் என்னும் பொருள். செருமானிய வேதியியலறிஞர் ரூங்கே 1819இல் இதனைக் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்குரிய கொட்டைகளை அவரிடம் தந்து ஆராயத் தூண்டியவர் பெருங்கவிஞர் கேதே.

விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கிறது. அது தனக்குரிய ஏற்பிடங்களிற் சென்று பொருந்தும்போது அயர்வும் உறக்கமும் தோன்றுகின்றன. கஃபீன் அவ்விடங்களில் முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. பூட்டினுள் வேறொரு சாவியைச் செருகி வைத்தால் உரிய சாவி நுழையாதது போல, அடினோசின் வெளியே நிற்கிறது. ஆகவே காப்பி களைப்பைப் போக்குவதில்லை. களைப்பின் செய்தி மூளைக்கு எட்டாமல் தடுக்கிறது. கடன் தீரவில்லை, கடன்காரன் கதவைத் தட்டும் ஓசை மட்டும் கேட்கவில்லை.

நாள்தோறும் இவ்வாறு தடுத்தால் உடல் வாளா இருக்குமா? அது ஏற்பிடங்களை மிகுதியாக்கிக்கொள்கிறது. காப்பியைத் திடீரென நிறுத்தும் நாளில் அவ்வளவு இடங்களிலும் அடினோசின் பாய்கிறது. தலைவலி, சோர்வு, உறக்கக் கலக்கம், எரிச்சல், மனத்தளர்ச்சி ஆகியவை தோன்றுகின்றன. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்திற்குள் இவை தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் உச்சம் அடையும். இரண்டு முதல் ஒன்பது நாட்களில் தணிந்துவிடும். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூல், இந்நிலையை ஒரு நோய்நிலையாகவே ஏற்றுக்கொண்டது. எனினும் கஃபீன் பழக்கத்தை மது, புகையிலை, அபினி ஆகியவற்றோடு ஒரே தட்டில் அது வைக்கவில்லை. மேலும் ஆராயத்தக்கது என்றே நிறுத்திற்று. இந்த அளவறிந்த தீர்ப்பு பின்பற்றத்தக்கது.

அளவையும் அறிதல் நன்று. ஒரு கோப்பைக் காப்பியில் பெரும்பாலும் 80 முதல் 100 மில்லிகிராம் கஃபீன் உண்டு. தேநீரில் 30 முதல் 50 வரை. சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளில் துணிப்பையில் வடிக்கப்படும் காப்பி, சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து வறுக்கப்படும் ரொபஸ்டா வகைக் கொட்டையால் ஆனது. ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கஃபீன் இருக்கிறது. தமிழ்நாட்டு வடிகாப்பியில் கலக்கும் சிக்கரியிலோ கஃபீன் அறவே இல்லை. எனவே ஊரில் மூன்று வேளை காப்பி அருந்தியவர் ஜூரோங்கில் மூன்று வேளை அருந்தினால், கோப்பையின் எண்ணிக்கை ஒன்றாயினும் மருந்தின் அளவு ஒன்றாகாது. உடல்நலம் உள்ள பெரியவர்க்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்றும், கருவுற்ற பெண்டிர்க்கு 200 மில்லிகிராமே எல்லை என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறிற்று.

புகையை விட்டவரின் காப்பி

இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி இதுவே. உட்கொண்ட கஃபீனைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுகிறது. பெரியவர் ஒருவர் உடலில் அதன் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். புகைப்பவர் உடலில் இது வெகு விரைவாகக் கழிந்துவிடுகிறது. புகையிலுள்ள கரிப்பிசின் பொருள்கள், கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுவதே அதற்குக் காரணம். ஆகவே புகைப்பவர் மற்றவரினும் மிகுதியாகக் காப்பி அருந்தியும் அமைதியாக இருக்கிறார். ஊற்றுவது பெரிது; ஓட்டையும் பெரிது.

அவர் ஒரு நாள் புகையை விடுகிறார். தூண்டுதல் நீங்கவே, சில நாட்களில் நொதியின் வேகம் குறைந்துவிடுகிறது. ஓட்டை சிறிதாயிற்று, ஊற்றுவதோ முன்போலவே நடக்கிறது. அமெரிக்க மருத்துவர் பெனோவிட்சும் அவர்தம் கூட்டாளிகளும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், புகையை விட்டவர்களின் இரத்தத்தில் கஃபீன் அளவு இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததையும், அந்நிலை ஆறு மாதம் வரை நீடித்ததையும் கண்டனர். அதாவது, நாளொன்றுக்கு நான்கு கோப்பை அருந்துபவர், கோப்பை கூடாமலே எட்டுக் கோப்பை அருந்தியவர் ஆகிறார்.

விளைவு யாது? கை நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு, பதற்றம், எரிச்சல், உறக்கமின்மை. புகையை விட்டபின் நிகோடின் இன்மையால் வரும் துன்பங்களும் பெரும்பாலும் இவையே! பாவம், அவர் என்ன நினைக்கிறார்? “புகை இல்லாமல் என்னால் இருக்க இயலாது” என்று முடிவு கட்டி மீண்டும் பற்றவைக்கிறார். பற்றவைத்ததும் நிகோடின் கிடைக்கிறது, நாளடைவில் கஃபீனும் விரைந்து கழிகிறது, பதற்றம் அடங்குகிறது. புகைதான் தம்மைக் காத்தது என்று நம்புகிறார். பழி நிகோடின்மேல் மட்டும் விழுந்தது, காப்பி தப்பித்துக்கொண்டது. உள்ள உறுதி இல்லாதவர் என்று அவரை இகழ்வோர் இதனை அறிவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கல்லீரலைத் தூண்டுவது புகையின் பொருள்களே அன்றி நிகோடின் அன்று. ஆதலின் நிகோடின் ஒட்டுப்பட்டையோ, மெல்லும் பிசினோ பயன்படுத்தினாலும் கஃபீன் உயர்வு நிகழவே செய்யும். ஆஸ்துமாவுக்குரிய தியோபிலின் போன்ற சில மருந்துகளும், மனநோய்க்குரிய சில மருந்துகளும் இதே வழியில்தான் உடலிற் சிதைகின்றன. அவற்றை உட்கொள்வோர், புகையை விடுமுன் மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

அப்படியானால் புகையோடு காப்பியையும் ஒரே நாளில் முற்றும் விட்டுவிடலாமே எனின், அங்கே வேறு தொல்லை எழுகிறது. கஃபீன் இன்மையால் வரும் தலைவலியும் சோர்வும் நிகோடின் இன்மையின் துன்பத்தோடு சேர்ந்து முதல் வாரத்தையே பெருஞ்சுமையாக்கிவிடும்.

எனவே நடுவழி ஒன்றே அறிவுக்கு உகந்தது: புகையை விடும் வாரத்தில் காப்பியைப் பாதியாக்குதல். இரத்தத்தில் நிற்கும் அளவு இரு மடங்காகும் நேரத்தில் அருந்தும் அளவைப் பாதியாக்கினால், உடல் பழைய அளவிலேயே நிற்கும். தலைவலியும் வாராது, நடுக்கமும் வாராது. நான்கு கோப்பை இரண்டாகட்டும். இது துறவன்று, கணக்கு.

குடியும் சூதும் காப்பியும்

குடியை விடுவோர்க்கு வேறொரு தொடர்பு முக்கியமாகிறது. அதுவே உறக்கம். நெடுநாள் குடித்தவர்க்குக் குடியை விட்டபின் வாரக்கணக்கில், சிலர்க்கு மாதக்கணக்கில், உறக்கம் சீர்ப்படுவதில்லை. உறக்கமின்மை அவர்களை மீண்டும் குடிக்கு இழுக்கும் காரணங்களுள் ஒன்று. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னதாக 400 மில்லிகிராம் கஃபீன் உட்கொண்டாலும் ஒரு மணி நேரத்திற்கு மேல் உறக்கம் குறைகிறது என்பது 2013இல் வெளியான ஆய்வின் முடிவு. மாலையில் வெறுமையைப் போக்க அருந்தும் காப்பி, நள்ளிரவில் மதுவின் நினைவாக மாறக்கூடும். கடுங்காப்பி குடித்தால் போதை தெளியும் என்பதும் தவறான நம்பிக்கை. இரத்தத்திலுள்ள மதுவைக் காப்பி குறைப்பதில்லை. போதையுற்றவனை விழித்திருக்கச் செய்கிறது, அவ்வளவே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாகலாம், உயிருக்கும் இடர் நேரலாம். அத்தகையோர் மருத்துவர் துணையுடனே நிறுத்தல் வேண்டும். கஃபீனை நிறுத்துவதில் இந்த ஆபத்து இல்லை.

சூதாட்டத்திற்கும் உறக்கத்திற்கும் உள்ள தொடர்பைச் சிங்கப்பூரிலேயே ஆராய்ந்துள்ளனர். டியூக்–என்யுஎஸ் மருத்துவக் கல்வி நிலைய ஆய்வாளர் பங்குபெற்று 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் இரவு உறங்காத இளைஞர்கள் பணத்தை வைத்து முடிவெடுக்கும்போது, இழப்பைத் தடுப்பதைவிட ஆதாயத்தைப் பெருக்குவதிலேயே நாட்டம் கொண்டனர். காப்பியால் விழிப்பைப் பெறலாம். நிதானத்தைப் பெற இயலாது.

விடும் முறை

முதலாவது, கணக்கெடுத்தல். ஒரு வாரம் குறிப்பேடு ஒன்றில் அருந்திய நேரம், இடம், உடனிருந்தோர், கூடவே புகைத்ததா இல்லையா என்று எழுதிவருதல் வேண்டும். தேநீர், கோலா, ஊக்கபானம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணவேண்டும். சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் உண்டு என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, வரிசை. உயிரைக் குடிக்கும் பழக்கம் முதலில் போக வேண்டும். புகையும் மதுவும் முதலில். காப்பியை முற்றும் விடுவது பின்னர். “காப்பியை வென்றபின் புகையைப் பார்த்துக்கொள்ளலாம்” என்பது போருக்கு அஞ்சிப் பயிற்சியிலேயே காலம் கழிப்பதை ஒக்கும்.

மூன்றாவது, பாதியாக்குதல். புகையை விடுவோர் இதனைத் தவறாது செய்க. கோப்பையைக் குறைக்க மனமில்லாதார் வலிவைக் குறைக்கலாம். சிங்கப்பூர்க் காப்பிக்கடையில் ‘காவ்’ என்றால் கடுமையான காப்பி; ‘போ’ என்றால் நீர்த்த காப்பி. ஒரு சொல் மாறினாலே அளவு குறைந்துவிடும்.

நான்காவது, உறக்கத்திற்கு முன் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி. இரவு ஷிப்டில் உழைத்துக் காலை எட்டு மணிக்குப் படுப்பவர்க்கு, இறுதிக் காப்பி இரவு இரண்டு மணியோடு முடிதல் வேண்டும்.

ஐந்தாவது, இடமும் துணையும் மாற்றல். புகைப்போர் கூடும் மூலையில் அருந்திய காப்பி, கோப்பையைக் கண்டதும் சிகரெட்டை நினைவூட்டும். அதே காப்பியை வேறிடத்தில், புகையாதவரோடு, உணவோடு சேர்த்து அருந்தினால் அந்தப் பிணைப்புத் தளரும்.

ஆறாவது, முற்றும் விடுதல். பெரிய பழக்கம் அடங்கி இரண்டு மூன்று மாதம் கழிந்தபின், காப்பியையும் விட விரும்புவோர் வாரந்தோறும் கால் பங்காகக் குறைத்து ஒரு மாதத்தில் விடலாம். விடாமல் அளவோடு நிறுத்திக்கொள்பவரைக் குறை கூற வேண்டியதில்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிந்த வில்லியம் ஜேம்ஸ், 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில், புதிய பழக்கத்தை வலிமையோடு தொடங்குக என்றும், அது வேரூன்றும்வரை விலக்கு எதுவும் அளியாதே என்றும் அறிவுறுத்தினார். நிறைவேற்றும் வாய்ப்பு உண்மையில் இருந்தால் ஒரேயடியாக விடுவதே சிறந்தது என்பதும் அவர் கருத்து. வாய்ப்பு இருந்தால் என்ற அந்த நிபந்தனையையே ஆர்வலர் பலர் மறந்துவிடுகின்றனர். புகைக்கு அவருடைய உறுதி பொருந்தும். புகையோடு காப்பிக்கும் அதே நாளில் அதனை நீட்டினால் வாய்ப்புக் குறையும்.

பள்ளியில் செய்யத்தக்கது

சிங்கப்பூர் 1970ஆம் ஆண்டிலேயே திரையரங்கு, பேருந்து முதலிய இடங்களில் புகைத்தலைச் சட்டத்தால் தடுத்தது. 2021இல் புகையிலை வாங்கும் வயதை 21 ஆக உயர்த்திற்று. காப்பியையும் ஊக்கபானத்தையும் அத்தகைய சட்டம் தொடுவதில்லை. அவற்றைப் பற்றிய அறிவு பள்ளியிலிருந்தும் வீட்டிலிருந்துமே வரவேண்டும்.

தேர்வுக் காலத்தில் ஊக்கபானம் அருந்தி விழித்திருக்கும் மாணவர் உளர். சிறுவர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீனையே மேற்கூறிய ஐரோப்பிய ஆணையம் எல்லையாகக் கொள்கிறது. 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது 90 மில்லிகிராம். 250 மில்லிலிட்டர் ஊக்கபானக் குவளை ஒன்றிலேயே ஏறக்குறைய 80 மில்லிகிராம் அடங்கிவிடுகிறது. இதனைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டினால் மாணவர் மறவார். மருந்து அதிகாரத்தை நடத்தும் நாளில், அளவு என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேண்டுமோ?

அதே மாணவன் வீடு சென்று, புகையை விட முயன்று தோற்ற தந்தையிடம், “அப்பா, இந்த முறை காப்பியைப் பாதியாக்கிப் பாருங்கள்” என்று சொல்வானாயின், அப்பாடத்தின் பயன் வகுப்பறைக்கு வெளியேயும் விளையும். முன்னர்த் தோற்றதற்குத் தம் உள்ளத் தளர்ச்சி ஒன்றே காரணமன்று என்பதை அத்தந்தை அறிவார். மீண்டும் முயல அவ்வறிவே அவருக்கு முதல் ஊக்கம்.